மயிலை விரட்ட சைரன் கேட்டு ஜான் மாமாவுக்கு எழுதியது

மாகறல்,
திங்கட்கிழமை.

பெருமதிப்பிற்குரிய ஜான் மாமா அவர்களுக்கு, மச்சினன் பெஞ்சமின் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கு நானும் திலகாவும் கர்த்தர் கிருபையால் சுகம். அங்கு தாங்களும் பாக்கியமேரி அக்காவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் தாங்கள் நடுவில் பேசுவீர்கள். ஆகையால் கடிதம்.

ஒரகடத்தில் தங்கள் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை காலி என்றும், குத்தகைக்கு எடுத்த கொல்லி நிலத்தை விட்டுவிட்டு உடனே வரும்படியும் அக்காவிடம் சொல்லி அனுப்பினீர்கள். நான் வரமாட்டேன். மயிலுக்குப் பயந்து ஓடி வந்தவன் என்ற பேரோடு கம்பெனி வாசலில் நிற்க எனக்கு இஷ்டமில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ஆடியில் ஒரு ஏக்கர் வேர்க்கடலை போட்டோம். முளைவிட்ட மூணாம் நாளே மயிலுங்க வந்துச்சி, ஒரு ஆம்பளை, ஆறு பொட்டை. ஒரு சாலுகூட விடாம கொத்திக்கினே போவுதுங்க. திலகாவோட பழைய புடவையெல்லாம் சுத்திக் கட்டினோம், அடியில பூந்து வந்துச்சி. என் பேண்ட் சட்டைய மாட்டி ஒரு பொம்மை நிக்க வெச்சேன். மயில் அது தோள்மேல ஒக்காந்துகிச்சி. அதுகூட பரவால்ல. பக்கத்துக் கொல்லி வேதகிரி இருட்டுற நேரத்துல அந்தப் பொம்மைகிட்ட வந்து, "நாளைக்கு மோட்டார் தண்ணி எனக்கா, உனக்கா?"ன்னு கேட்டிருக்காரு. மூணு தபா கேட்டாராம். பதில் வரலன்னதும், "குத்தகை எடுத்ததும் திமிரு வந்துட்ச்சா?"ன்னு போயிட்டாரு. நாலு நாளா பேச்சும் இல்ல, தண்ணியும் இல்ல.

நீங்க குடுத்தனுப்பின நாய பத்தி எழுத மனசு வரல. ஆம்பளை மயில் ஒரு தபா தோகைய விரிச்சுது. நாய் என் கைலிக்குள்ள பூந்துகிச்சி. கைலி அவுந்துபோச்சி. நூறு நாள் வேலைக்குப் போற பொம்பளைங்க அத்தினி பேரும் ரோட்டுல நின்னு பாத்தாங்க.

அப்புறம் ஃபாரஸ்ட் ஆபீஸுக்கு மனு எடுத்துக்கினு போனேன். "தேசியப் பறவை, கை வெச்சா கேஸு"ன்னாரு அங்க இருந்தவரு.

"சத்தம் போட்டு மிரட்டலாமா சார்?"

"மிரட்டலாம். ஆனா பயந்துடக் கூடாது."

"யாரு சார், மயிலா, நானா?"

அவரு கொஞ்சம் யோசிச்சு, "மனுவ வெச்சிட்டுப் போ"ன்னாரு.

மாமா, எங்க நைனா காலம் பூரா ஊரு மாட்ட மேய்ச்சாரு. மாட்டுக்குப் பேரு வெச்சது அவரு, பால் குடிச்சது வேற வூடு. எங்க அம்மாவோட வெள்ளாடு அடுத்தவங்க கொல்லியில வாய வெச்சா, புடிச்சிக்கினு போயி பட்டியில அடைச்சிடுவாங்க. நானும் அக்காவும் போயி நின்னு, கெஞ்சி, ஓட்டிக்கினு வருவோம். அக்காவ கேளுங்க. அப்பல்லாம் நாங்க ஆட்டோட கட்சி. இப்பத்தான் மொத தபா கொல்லியோட கட்சிக்கு வந்துகிறேன். குச்சிய எடுத்துக்கினு ஓடும்போது எனக்கே ஒரு மாதிரியாத்தான் கீது. ஆனாலும் விடமாட்டேன்.

அதனால வேலை வேணாம். உங்க கம்பெனியில ஷிஃப்டுக்கு ஊதுற சைரன் பழசு ஒண்ணு கெடந்தா அனுப்பி வையுங்க. இனிமே இந்தக் கொல்லியில ஒரு மயிலும் கால் வைக்காது. இது உறுதி.

அக்காவுக்கு எங்கள் அன்பும், பிள்ளைகளுக்கு முத்தமும், தங்களுக்கு எங்கள் இரவு ஜெபத்தில் ஓர் இடமும் உண்டு.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத
பெஞ்சமின்

பி.கு: அண்ணா, இது திலகா எழுதறேன். இவரு லெட்டர மடிச்சி வெச்சிட்டு கொல்லிக்குப் போனாரு, நல்ல மழை. வரப்போரமா ஒரு பொட்டை மயில் அஞ்சு முட்டைமேல நனைஞ்சிக்கினு ஒக்காந்திருந்துச்சாம். ஆள் கிட்ட போயும் எழுந்திருக்கலியாம். இவரு கொடைய அதுக்குப் புடிச்சிருக்காரு. கொத்திட்ச்சி. வலது கையில கட்டு, அதான் நான் எழுதறேன். சைரன் அனுப்ப வேணாமாம். பொரிக்க ஒரு மாசம் ஆவுமாம். அதுவரைக்கும் கொல்லியில யாரும் சத்தம் போடக் கூடாதாம். காலைல களை எடுக்கப் போன என்னையே தடுத்து நிறுத்தி, "செருப்ப கழட்டிட்டு மெதுவா நட"ன்றாரு.