எதிர்மாடியில் ஏறும் கரண்ட்

"இப்பவும் ஏறலயே முனியராஜ்" என்று செல்லக்கனி போனை நீட்டினார்.

பலகையில் எவ்வளவு கரண்ட் ஏறுகிறது என்று காட்டும் அந்த ஆப்பை முனியராஜ் எட்டிப் பார்க்கவில்லை. காலையிலிருந்து பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போயிருந்தது. சிவகாசியில் லேபிள் பிரஸ் நடத்தும் செல்லக்கனியின் மொட்டை மாடியில் சோலார் பலகை மாட்டிய நாளிலிருந்து அவனுக்கு இதே பிழைப்பு. எதிரே மச்சினன் ராஜபாண்டியன் வீட்டிலும் அதே நாளில் மாட்டிய அதே பலகைகள்தான். அந்த வீடு ஒரு மாடி கூடுதல் உயரம் என்பதே செல்லக்கனிக்கு ஆறாத மனக்குறை. இப்போது கரண்டும் அங்கே கூடுதல் என்றால் சோறு எப்படி இறங்கும்?

"இன்னைக்குச் சரியாகலேன்னா ஒங்க கம்பெனிக்குப் போன் போட்டுருவேன்" என்று வந்ததுமே சொல்லிவிட்டார். இன்னொரு புகார் போனால், பலகை மாட்டிக்கொடுத்த சாத்தூர் கம்பெனியில் முனியராஜுக்கு வேலை இருக்காது.

"மாடிப்படிக் கூண்டு நிழலுக்காகப் பாதிய கிழக்க, பாதிய மேக்க சாய்ச்சிருக்கோம்ல அண்ணாச்சி. எல்லாத்தையும் ஒரே வரிசையா கோத்தா, வெயில் கொறஞ்ச பக்கம் மத்ததையும் இழுத்துப் பிடிச்சுக்கிடும். ரெண்டையும் தனித்தனியா பிரிச்சு விடுறேன்."

கொதிக்கிற தளத்தில் குத்தவைத்துப் பிரித்தான். நம்பர் அசையவில்லை. போன்தான் அடித்தது.

"அத்தான், நம்ம வீட்டுது திடீர்னு எகிறுது" என்றார் ராஜபாண்டியன், தன் பட்டாசுக் கம்பெனியிலிருந்து. "அங்கன எப்படி?"

"பிரமாதமா ஓடுது" என்று புளுகிவிட்டு, செல்லக்கனி முனியராஜை முறைத்தார்.

"சாய்மானம் சாஸ்தி அண்ணாச்சி. நம்மூரு வெயிலுக்கு இம்புட்டு வேண்டாம்." பலகைகளைத் தாழ்த்தினான். எதிர்வீட்டில் இன்னும் ஏறியதாகப் போன் வந்தது. இங்கே இருந்ததும் குறைந்தது.

"ஏலே, நம்ம கரண்டு அங்கன போகுதோ?"

"ரோட்டைத் தாண்டி எப்படிண்ணாச்சி போகும்?"

"ஒன் வேலைய யாரு கண்டா. பழையபடியே ஆக்கிரு."

முனியராஜுக்கு அழுகையே வந்தது. கற்றுக்கொண்ட தொழிலை ஒழுங்காகச் செய்ததற்கா இந்தத் தண்டனை? எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. சாய்மானத்தை உயர்த்தி, பிரித்த வரிசைகளை மறுபடி ஒன்றாகக் கோத்தான்.

போன் அடித்தது. "அத்தான், இங்க பாதியா விழுந்துருச்சு."

"அடடா, அப்படியா மாப்ள" என்று செல்லக்கனி துக்கம் விசாரித்தார். போனை வைத்ததும் முகம் பூவாய் மலர்ந்தது. "இப்பத்தாம்லே உருப்படியா வேலை பாத்திருக்க. கம்பெனியில நல்லவிதமாச் சொல்லுறேன். இரு, காப்பி வரும்."

கெடுத்துவைத்ததற்குக் கிடைத்த பாராட்டு. வெட்கப்படவும் அலுப்பாக இருந்தது முனியராஜுக்கு. வேலை தப்பியது, அது போதும். ஸ்பேனரைப் பைக்குள் போட்டான்.

படியேறி வந்தாள் ராஜபாண்டியன் மகள் பிரீத்திகா.

"மாமா, நல்ல நேரம் முடியப்போகுதுன்னு அன்னைக்கு ரெண்டு வீட்டுக்கும் அவசரமா ஆப் போட்டாங்கள்ல, அது மாறிப் போச்சு, அப்பா பாக்குறது உங்க மாடி, நீங்க பாக்குறது எங்க மாடி, அங்க அம்மா பலகை பூரா மொளகா வத்தல் காயப்போட்டிருக்காக."