மாமனார் வீட்டுச் சுண்ணாம்பு

தொழில் தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டிருப்பது கஷ்டம். தெரிந்துகொண்டே தப்பாகச் சொல்வது அதைவிடக் கஷ்டம். இரண்டாவதை நான் பெண் பார்க்கப் போன வீட்டில் செய்தேன்.

ரங்கூனில் பழைய கட்டடங்களை அளந்து வரைபடம் போடுவது என் வேலை. பசுந்தாங் பேட்டையில், நான் பார்க்கப் போன பெண் கலாவின் வீட்டு வாசலில் இறங்கியதுமே அது என்ன கட்டடம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ரோட்டைப் பார்த்து அடுத்தடுத்து இரண்டு கதவுகள்: ஒன்று துரைகளுக்கு, ஒன்று மாலுமிகளுக்கு. உள்ளே மார்பளவு உயரத்தில் நீளமான தேக்கு மேடை. அதன் அடியில் நின்றபடி கால் வைத்துக்கொள்ளப் பித்தளைக் கம்பி. பீப்பாய் இறக்கத் தரையில் ஒரு பலகைக் கதவு. போதாக்குறைக்குக் கணப்படுப்பு. (இந்த ஊர் வெயிலுக்கு!) விக்டோரியா ராணி காலத்தில் எவனோ ஒரு வெள்ளைக்காரன், தன் கிராமத்து மதுக்கடையை அப்படியே இங்கே கட்டிவைத்திருக்கிறான்.

இப்போது கணப்படுப்புக்குள் முருகன் இருந்தார். மேடைமேல் குத்துவிளக்கு எரிந்தது. கலாவின் அப்பா ஊ முத்தையா ('ஊ' என்பது பர்மிய 'திரு'), கோயில் கமிட்டித் தலைவர். வெள்ளிக்கிழமைதோறும் அந்த மேடையில் கையூன்றித்தான் குடியின் கேடுகளைப் பற்றிப் பிரசங்கம் செய்வாராம்.

"தம்பி கட்டட வேலை பாக்குறீக. இது அந்தக் காலத்துப் பிரார்த்தனைக் கூடம்னு எங்க அப்பா சொல்லுவாக. சரிதானே?"

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அந்த நேரம் பார்த்துக் கலா லபே என்கிற ஊறவைத்த தேயிலைத் தட்டைக் கொண்டுவந்து வைத்து, என்னை நேராகப் பார்த்தாள். இவள் கிடைக்காமல் போய்விடுவாளோ என்று பயந்துபோனேன்.

"ஹொக்கே, ஹொக்கே" என்றேன். (பயம் வந்தால் எனக்கு 'ஆமாம்' பர்மியில்தான் வரும்.)

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இந்தக் கம்பி?"

"முழங்கால் போட்டுக் கும்பிடுறவங்க பிடிச்சுக்க."

"தரையில கதவு?"

"கீழ தியான அறைங்க."

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்கு மூன்று தடவை கேசரி வைத்தார்கள்.

பரிசம் போட நாள் குறித்தார்கள். அன்றைக்குக் கமிட்டி ஆட்களை எல்லாம் கூப்பிட்டு, வாசல் நிலைக்கு மேலே 'பிரார்த்தனைக் கூடம்' என்று பலகை மாட்டப்போவதாக மாமா சொன்னார். கடைக்காரன் விளம்பரத்தை அங்கேதான் எழுதியிருப்பான் என்பது எனக்குத் தெரியாதா? "அந்த இடம் வேண்டாம் மாமா" என்று மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. பரிச நாள்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று ஏணியில் ஏறிய ஆள், ஆணி அடிக்க வாகாகச் சுண்ணாம்பைச் சுரண்டினான். உள்ளிருந்து ஆங்கிலப் புடைப்பு எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கமிட்டிச் செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"பீர்... ஒயின்... பிராந்தி..."

மாமா எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார்: "தெரியாமச் சொன்னீகளா, தெரிஞ்சே சொன்னீகளா?"

தெரியாது என்றால் முட்டாள். தெரியும் என்றால் புளுகன். எந்தப் பக்கம் விழுந்தாலும் கலா போய்விடுவாள் என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"தெரியும் மாமா. மொத நாளே வாசல்லயே தெரிஞ்சுபோச்சு."

அம்மா பரிசத் தட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் குனிந்தேவிட்டாள்.

மாமா அந்த எழுத்துகளை அண்ணாந்து பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். "தொழில் தெரியாதவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன். பொய் சொல்றவனை இவ பாத்துக்குவா" என்றார்.

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். எங்கள் மகளையும் பழக்கிவிட்டாள். வீட்டுக்குத் தாமதமாக வந்து, "பஸ்ஸே வரல" என்று நான் ஆரம்பித்தால் போதும், அந்தக் குட்டி உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள்:

"அம்மா, அப்பாவைச் சுரண்டட்டுமா?"