பொட்டு வைத்த டிஸ்க்

வந்த வாடிக்கையாளரைத் துரத்தித் துரத்தியே கடை நடத்திய மனிதர் பிரிக்பீல்ட்ஸில் ஒருவர்தான் இருந்தார். பொட்டு அண்ணன். அவருடைய உண்மையான பெயர் அவரைப் பெற்றவர்களுக்காவது ஞாபகம் இருந்ததா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

மாடிப்படிக்கு அடியில், பொன்னம்மா அக்காவின் பூக்கடையை ஒட்டி, ஆள் உள்ளே நுழைந்தால் கம்ப்யூட்டர் வெளியே வந்து நிற்கவேண்டிய அளவில் ஒரு கடை. தொண்ணூறுகளின் கடைசி அது. கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவர்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் சாகக் கிடக்கிற ஹார்ட் டிஸ்கை இன்னொரு டிஸ்குக்கு அப்படியே நகல் எடுக்கப் போய், பாதியில் நின்று, எல்லோரும் கைவிட்ட கேஸ்கள் கடைசியில் அவரிடம்தான் வந்து சேரும்.

அவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "உள்ள என்ன இருக்கு?"

"முக்கியமா ஒன்னும் இல்ல பாஸ். சும்மா..."

"அப்ப எதுக்கு இங்க தூக்கிட்டு வந்தே? எதிர்ல லோங்காங் இருக்கு பாரு, சாக்கடைத் தண்ணி நல்லா ஓடுது. அதுல போட்டுட்டுப் போ."

டை கட்டிய ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்ட் இப்படித் துரத்தப்பட்டு, தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து, அவர் காதில் ஏதோ கிசுகிசுத்ததை நானே பார்த்திருக்கிறேன். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னலா?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார் பொட்டு அண்ணன்.

பெயருக்குக் காரணம் அவருடைய பெரிய பயம். நகல் எடுக்கும்போது எது பழையது, எது புதியது என்று மாறிப்போனால் தீர்ந்தது கதை. காலி டிஸ்கின் வெறுமையை அந்த மெஷின் வெகு ஒழுங்காக நிறைந்த டிஸ்கின் மேல் எழுதி வைத்துவிடும். "நன்றி" என்று ஒரு வரி வேறு காட்டும். அதனால் டிஸ்க் கைக்கு வந்ததும் குங்குமச் சிமிழைத் திறந்து அதன் நெற்றியில் ஒரு பொட்டு வைப்பார். பொட்டு இருப்பது கொடுக்கிறது, பொட்டு இல்லாதது வாங்குகிறது. கடைசியில் 'Y' எழுத்தை அழுத்தச் சொல்லி மெஷின் கேட்கும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். "உன் டிஸ்க். உன் வெரல். அழுத்து."

"நீங்க அழுத்தினா என்ன அண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒரு தடவ அழுத்தினேன்" என்றார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அப்போது நான் இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தேன். உள்ளூர்ப் பாடகர்களின் பாட்டை கம்ப்யூட்டரில் பதிவு செய்வோம். கிள்ளானிலிருந்து லெட்சுமி வருவாள். தொழிற்சாலையில் வேலை, வேலை முடிந்து புறநகர்க் கொம்யூட்டர் ரயில், அதன் பிறகு பாட்டு. பத்துப் பாட்டு பாடி முடித்தாள். மிக்ஸ் செய்த பிறகு கேசட்டுக்கு மாற்றலாம் என்று நாங்கள் சாவகாசமாக இருந்தோம். அதற்குள் அவள் தொண்டையில் ஒரு கட்டி என்றார்கள். ஆபரேஷன் நடந்தது. ஆள் நல்லபடியாக வந்துவிட்டாள். பேச்சும் கரகரப்பாக வந்தது. பாட்டு மட்டும் வரவில்லை, இனி வராது என்றும் டாக்டர் சொல்லிவிட்டார்.

அவள் குரல் இருந்த ஒரே இடம் எங்கள் கூடத்து ஹார்ட் டிஸ்க். அது தீபாவளிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது டக், டக் என்று தட்ட ஆரம்பித்தது.

டிஸ்கைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினேன். செய்தி கேட்டு லெட்சுமியும் வந்துவிட்டாள்.

"உள்ள என்ன இருக்கு?"

"என் குரல் அண்ணே" என்றாள் லெட்சுமி, இல்லாத குரலில்.

பொட்டு அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தார். குங்குமச் சிமிழைத் திறந்து பொட்டு வைத்தார். அதே மாடல், அதே அளவில் பழைய டிஸ்க் ஒன்றை எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்தார். லெட்சுமி 'Y' அழுத்தினாள். பாதியைத் தொடுவதற்குள் நின்றுவிட்டது. மறுபடி ஆரம்பித்தார், மறுபடியும் அதே இடத்தில் நின்றது. டிஸ்கைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். கொதித்தது.

"இன்னிக்குப் போதும். ரெண்டையும் கழட்டி வெச்சிடறேன், தூங்கட்டும். ஆனா தம்பி, இது இன்னும் ஒரே ஒரு தடவதான் எழுந்திரிக்கும்னு நெனைக்கிறேன். நாளைக்கு அத விட்டா போச்சு."

மறுநாள் காலையில் நாங்கள் போனபோது அவர் கடை வாசலில் சிலைபோல் நின்றுகொண்டிருந்தார். உள்ளே எட்டிப் பார்த்தேன். மானிட்டருக்குச் சந்தனமும் குங்குமமும். மவுஸுக்கு, ஸ்க்ரூட்ரைவருக்கு, டெலிபோனுக்கு, கோப்பிக் குவளைக்குக்கூட. மேசையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டிஸ்க். இரண்டுக்கும் அழகாக, நடு நெற்றியில், ஒரே மாதிரி.

முந்தைய நாள் ஆயுத பூஜை. ஷட்டர் சாவி ஒன்று பொன்னம்மா அக்காவிடம் எப்போதும் இருக்கும்.

"அக்கா! இத யாரு தொட்டது?"

"நான்தான். தெருவே பூஜை போட்டிருக்கு, ஒன் கட மட்டும் மொட்டையா கெடந்துச்சு. பாவமா இருக்காதா?"

"இதுல ஒன்னுல ஏற்கெனவே பொட்டு இருந்துச்சே, எதுல?"

"பழச தொடச்சிட்டுத்தானே புதுசு வைக்கணும்? எல்லாத்தையும் ஈரத்துணியில நல்லா..."

"ஈரத்துணியா!"

"புழிஞ்சிட்டுத்தான்லா தொடச்சேன்!" அக்காவுக்கே கோபம் வந்துவிட்டது.

லெட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டாள். திரையில் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. நேற்றைய நகல் கிட்டத்தட்டப் பாதிவரை போனதால் இரண்டிலும் ஒரே பெயர், ஒரே பட்டியல். இரண்டும் பழைய டிஸ்க் என்பதால் கீறலும் ஒரே மாதிரி. தனித்தனியாக ஓட்டிப் பார்க்கலாம் என்றால், சாகிற டிஸ்குக்கு மிச்சமிருக்கும் ஒரே எழுச்சியை அதிலேயே செலவழித்துவிடுவோம்.

பொட்டு அண்ணன் வியர்வையைத் துடைத்தார். "ரெண்டையும் சேர்த்து மாட்டறேன். தட்டுற சத்தம் வரும்ல? எதுல வருதோ அதான் நம்ம புள்ள. ஸ்கிரீன்ல அதையே குடுக்கிற பக்கம் வெச்சிடலாம்."

நல்ல யோசனைதான். ஆனால் வெளியே மூன்று கேசட் கடைகள், மூன்று வெவ்வேறு பாட்டு, ஒன்றையொன்று அடக்கப் பார்க்கிற ஸ்பீக்கர்கள். பொட்டு அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். எல்லோரையும் துரத்தியே பழகிய அந்த மனிதர் நடுத்தெருவில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"பாட்ட நிறுத்துங்கப்பா! என் கடையில ஒரு பொண்ணு உயிருக்குப் போராடுது!"

மூன்று கடைகளும் சட்டென்று நின்றன. பரோட்டா மாவை வீசிக்கொண்டிருந்த ரொட்டி சானாய் கடைக்காரர்கூடத் தட்டுவதை நிறுத்தினார். தெருவே எங்கள் படிக்கட்டுக்கு வந்து கூடிவிட்டது. "ஆம்புலன்ஸ் கூப்பிடவா?" என்று யாரோ கேட்டார்கள். "சத்தம் போடாதீங்க!" என்று சீறிவிட்டுப் பொட்டு அண்ணன் உள்ளே வந்தார்.

சுவிட்சைப் போட்டார். டிஸ்க் சுழலும் ஓசை எழுந்தது. நேரம் கடந்துகொண்டே இருந்தது. ஒன்றும் தட்டவில்லை. செத்துவிட்டதோ என்று நான் நினைத்தபோது, டக். டக் டக்.

உயிர் இருந்தது. ஆனால் எதில்? இரண்டையும் இணைக்கும் பட்டை வயர் ஒரு சாண்கூட இல்லை, இரண்டும் ஒட்டிக் கிடந்தன. ஃபேன் வேறு இரைந்தது. அவர் காதை வைத்துப் பார்த்தார். "இது" என்றார். "இல்ல, அது" என்றார். நான் கேட்டேன். எனக்கு இரண்டிலும் கேட்டது. தட்டல் வேகமாகிக்கொண்டே போனது.

லெட்சுமி எங்கள் இருவரையும் விலக்கிவிட்டு வந்தாள். இரண்டு டிஸ்குகள் மேலும் உள்ளங்கையை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் வலது கால் கட்டைவிரல் தரையில் தாளம் போட ஆரம்பித்தது.

"வலது கையில இருக்கிறது அண்ணே."

"நிச்சயமாவா தங்கச்சி?"

"தட்டுறது எனக்குத் தெரியாதா?"

திரையில் அதைக் கொடுக்கும் பக்கத்தில் வைத்தார். மெஷின் 'Y' கேட்டது. பொட்டு அண்ணன் வழக்கம்போலக் கையைப் பின்னால் கட்டினார்.

"நீங்க அழுத்துங்க அண்ணே. எனக்குக் கை நடுங்குது."

"எனக்கு மட்டும் நடுங்கலையா? இங்க பாரு." விரல்களை நீட்டிக் காட்டினார். உண்மைதான், சுண்டுவிரல்வரை ஆடியது. பிறகு அந்த ஆடுகிற விரலால் அவரே அழுத்தினார்.

நேற்று நின்ற இடத்துக்கு வந்ததும் நின்றது. பொட்டு அண்ணன் திரையைப் பார்த்துக் கெஞ்சினார், மிரட்டினார், ராசா என்றார், சனியனே என்றார். படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போகச் சொல்லி ஏதோ தட்டினார். நகர்ந்தது. முடிந்ததும் பழைய டிஸ்க் ஒருமுறை கீச்சிட்டு அடங்கியது. அப்புறம் அது எழுந்திருக்கவே இல்லை.

ஏழாவது பாட்டின் நடுவில் ஒரு வரியைக் காணோம். மற்றதெல்லாம் இருந்தது. முதல் பாட்டை ஓடவிட்டபோது லெட்சுமி வாயை மட்டும் அசைத்து முழுவதையும் கூடவே பாடினாள். வாசலில் கூடியிருந்த கூட்டம் செத்துப்போகிறவளைத் தேடி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பொன்னம்மா அக்கா அவர்களிடம், "பொழைச்சிக்கிச்சு, பொழைச்சிக்கிச்சு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கேசட் வந்தது, கொஞ்சம் விற்றது. எங்கள் கூடத்தையும் மூடினார்கள். நான் கிள்ளானைத் தாண்டிக் காப்பாரில் வீடு எடுத்துக் குடியேறினேன். ஒவ்வொரு வருஷமும் தீபாவளிக்கு முன்னால் பொட்டு அண்ணனிடமிருந்து போன் வரும். "வந்து வாங்கிட்டுப் போ தம்பி." யாரும் கேட்காமலே அந்தப் பத்துப் பாட்டையும் ஒரு புதிய டிஸ்கில் நகல் எடுத்து வைத்திருப்பார். லெட்சுமிக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

ஒரு வருஷம் போன் வரவில்லை. அவரே வந்தார். பஸ் மாறி மாறி, முழங்கால் வலியோடு, என் வீட்டு கேட்டில் நின்றார்.

"கண்ணு மங்குது தம்பி. எது எதுன்னு தெரிய மாட்டேங்குது. இனிமே நீ எடு."

தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். அவர் இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. நான் வருஷம் தவறாமல் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறேன். லெட்சுமியின் பாட்டுக்காக என்றுதான் வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதிக்கு, அந்த மனிதரை நான் அவ்வளவு நேசித்தேன் என்பதுதான் காரணம்.