எண்ணூர்ச் சிகரம்

இமயமலையைப் படைத்தவர் யார் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. எண்ணூர் மலைக்கு அந்தத் தகராறே கிடையாது. கம்பெனி படைத்தது. பாய்லரில் எரித்த நிலக்கரியின் சாம்பலை லாரி லாரியாகக் கொட்டி, கடல் மட்டத்தில் கிடந்த ஊருக்கு மலையும் முகடும் அருளியது. பூமி கோடி வருஷம் செய்யும் வேலையை ஒரு தலைமுறைக்குள் முடித்துவிட்டது.

மலை வந்தால் ஏற ஆள் வேண்டும். 2003-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமையை நிர்வாகம் 'குடும்ப மலையேற்ற தினம்' என்று அறிவித்தது. வருவது அவரவர் விருப்பம். வராத குடும்பத்துக்குக் கம்பெனி மருந்தகத்தில் வைத்தியம் கிடையாது.

பாய்லர் தொழிலாளி பொன்னுரங்கம் உடனே விருப்பப்பட்டான். மகள் நர்மதாவுக்கு மூச்சிளைப்பு. மருந்தகத்தில் போடும் ஊசியில்தான் அவள் உயிர் ஓடுகிறது. அந்த ஊசி நிற்கக் கூடாதென்று, இளைக்கிற பிள்ளையைச் சாம்பல் மேட்டில் ஏற்ற முடிவெடுத்தான். நிர்வாகத்தின் அறிவு தொழிலாளிக்கும் தொற்றியிருந்தது.

அடிவாரத்தில் பர்சனல் ஆபீசர் கருணாகரன் மைக் பிடித்தார்.

"அன்பார்ந்த மலையேறிகளே! முகத்தில் துணி கட்டாதீர்கள், போட்டோவில் சிரிப்பு தெரிய வேண்டும். இருமல் வந்தால் கேமராவுக்கு முதுகைக் காட்டி இருமவும்."

ஏறினார்கள். முழங்கால் வரை புதைந்தது.

"நைனா, மலைன்னா கல்லு இருக்கும்ல? இது இன்னா, காலு உள்ள பூந்துகினே போவுது?"

"பேசாம ஏறு கண்ணு. மேல பிரியாணி கீது."

"பிரியாணியா?" என்றாள் மனைவி பவுனம்மாள். "புள்ளைக்கு நெஞ்சு விசிலடிக்குது, உனக்கு காதுல வுழலியா? எறக்குய்யா."

"எறங்குனா ஊசி கட் ஆயிடும். அத்த யோசி."

அவள் யோசித்தாள். பிறகு மகளின் இடுப்பைப் பிடித்து மேலே தள்ளினாள்.

முகடு ஒரு ஆள் நடக்கும் அகலம்தான். ஒரு பக்கம் உப்பங்கழி, மறுபக்கம் அடுத்த மலைக்கு அஸ்திவாரம் போடும் லாரிகள். மூவரும் உச்சியை அடைந்தபோது முடி, புருவம் எல்லாம் வெளுத்து ஒரே வயசாகியிருந்தார்கள்.

முன்பே மைக்கோடு ஏறி நின்ற கருணாகரன் நர்மதாவின் கையை உயர்த்திப் பிடித்தார்.

"பாருங்கள்! நம் மருந்தகத்தின் நிரந்தர நோயாளி இந்தச் சிறுமி. இவளே சிகரம் தொட்டுவிட்டாள் என்றால் இங்கே யாருக்கு நோய்? லட்சியம் நிறைவேறியதால் மருந்தகம் இன்றோடு ஓய்வு பெறுகிறது. அங்கே மலையேற்றப் பயிற்சி மையம் அமையும்."

கைதட்டினார்கள். பிரியாணி இன்னும் வரவில்லை.

"சார், பாப்பாக்கு மூச்சு முட்டுது சார். ஒதடு நீலமா ஆவுது. இன்னிக்கி ஒரு ஊசி மட்டும்..."

"மலைமேல் மூச்சு முட்டத்தான் செய்யும், பொன்னுரங்கம். அதற்குப் பெயர்தான் உயரம்."

பொன்னுரங்கம் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் பாதி ஓடி, பாதி உருண்டு இறங்கினான். மைக் அவனை 'அதிவேக இறக்க வீரர்' என்று பாராட்டியது.

மருந்தகக் கதவில் பூட்டு. மேலே பயிற்சி மையத்தின் பெயர்ப் பலகை. பின்னாலேயே ஓடிவந்த பவுனம்மாள் எம்பி எழுத்தைத் தேய்த்துப் பார்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"பெயிண்டு காஞ்சி கீதுய்யா. நாம ஏர்றதுக்கு மின்னாடியே எழுதி மாட்டிட்டானுங்க."

பொன்னுரங்கம் மகளைச் சுமந்தபடியே ஆட்டோவைத் தேடி ரோட்டுக்கு ஓடினான்.

கம்பெனியின் முன்யோசனையை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். இத்தனையும் முன்கூட்டி யோசித்தவர்கள், ஒரு பிள்ளைக்கு மூச்சு நிற்கும் என்பதை மட்டும் யோசிக்காமலா இருந்திருப்பார்கள்?