ஏழாம் தண்டவாளத்தில் இருந்த வீடு

செக்லேத் ரயில் நிலையம்,
மூன்றாம் தண்டவாளம்,
18 பிப்ரவரி 1921.
(பதில் போடுமுன் நாங்கள் இங்கேதான் இருக்கிறோமா என்று விசாரித்துக்கொள்ளவும்.)

அன்பிற்குரிய மைத்துனன் வில்மோஷுக்கு, அத்தான் பெர்தலான் ஆசிகளுடன் எழுதுவது. நானும் உன் அக்காள் எதெல்காவும் நலம். நலம் என்பதை இந்தக் காலத்து அளவில் எடுத்துக்கொள். இதை எல்லையில் பிரித்துப் படிக்கும் அதிகாரி ஐயாவுக்கும் வணக்கம். நானும் இருபத்திரண்டு வருஷம் தபாலில் இருந்தவன். படித்து முடித்ததும் பசையைக் கொஞ்சம் தாராளமாகத் தடவி ஒட்டுங்கள்.

உன் கடிதம் வந்தது. ருமேனிய ராஜாவுக்கு விசுவாசமாயிருப்பேன் என்று மார்ச் முடிவதற்குள் கையெழுத்துப் போட்டால் இப்போது அவர்கள் கைக்குப் போய்விட்ட நம் கொலோஷ்வாரில் வாத்தியார் வேலையும் வீடும் தங்கும், போடாவிட்டால் இரண்டும் போகும், என்ன செய்ய என்று கேட்டிருக்கிறாய். போடாதே. இது என் பேச்சில்லை, உன் அப்பா சாகும்போது சொன்ன பேச்சு. "சத்தியம் பண்ணிக் குடிக்கிற காபி எனக்கு விஷம்"னு சொல்லித்தானே அந்த மனுஷன் பென்ஷனை உதறிட்டு எங்களோட ரயிலேறினார். தோற்ற நாடாக இருந்தாலும் நம் நாடு, போய் இறங்கினால் இடம் கொடுக்காமலா போவார்கள் என்று வந்தோம். கொடுத்தார்கள். வந்த சரக்குப் பெட்டியிலேயே இருந்துகொள்ளச் சொல்லிவிட்டார்கள். புடாபெஸ்ட் சரக்கு நிலையத்தில் ஏழாம் தண்டவாளம், பதினான்கு மாதம். வேலை கேட்டுப் போனால், "உங்க தபால் ஆபீஸ் இப்ப நம்ம நாட்டுலயே இல்லையே, அப்புறம் நீங்க எப்படி நம்ம ஊழியர்?" என்றான் ஒரு குமாஸ்தா. இன்னொருத்தன், "செங்கொடி ஆட்சி நடந்தப்ப எங்க இருந்தீங்க?" என்றான். ருமேனியப் படைக்குக் கீழே என்றேன். "ரெண்டுல எது மோசம்னு மேலிடம் இன்னும் முடிவு பண்ணலை, அடுத்த மாசம் வாங்க" என்றான். இங்கே சுவரொட்டிக்கு மட்டும் பஞ்சமில்லை. ராஜா மேல் குடியரசு, குடியரசு மேல் செங்கொடி, அதன் மேல் இப்போதைய தளபதியின் வெள்ளைக் குதிரை என்று நான்கு ஆட்சி கனம். உரித்து வந்தால் அடுப்பு நன்றாகப் பிடிக்கும்.

அப்பா தவறிய செய்தி தந்தியில் கிடைத்திருக்கும். நுரையீரல்தான். பலகை வாங்க வழியில்லை, அதனால் உன் அம்மாவின் வால்நட் மர அலமாரியையே சவப்பெட்டியாக்கினோம். பக்கத்து வேகனில் இருக்கும் மாவட்ட நீதிபதிதான் அறுத்தார். மேஜை நாற்காலியை உடைத்து உடைத்து எரித்ததில் அவருக்குத் தச்சு வேலை வந்துவிட்டது. கதவில் இருந்த கண்ணாடி மட்டும் கழன்று வரவில்லை. "இருக்கட்டும், மனுஷன் சவரம் சரியா இருக்கான்னு பார்த்துக்குவார்" என்று நீதிபதி சொன்னதும் நான் சிரித்துவிட்டேன் வில்மோஷ், பாதிரியார் முன்னாடியே. எதெல்கா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

அடக்கம் முடித்துத் திரும்பினால் ஏழாம் தண்டவாளத்தில் வெறும் தண்டவாளம்தான் இருந்தது. வண்டி கோக்கிறவனைப் பிடித்து, "எங்க வேகன் எங்கேய்யா, கூரையில அடுப்புக் குழாய் இருக்குமே?"ன்னு கேட்டேன். "அதுவா, பீட்ரூட் ஏத்தணும்னு காலையிலயே கோத்து அனுப்பிட்டோமே."

"உள்ளே என் வீடு இருக்குய்யா!"

"தாள்ல காலிப் பெட்டின்னுதான் இருக்கு."

துக்க உடுப்போடவே நாலு நாள் நிலையம் நிலையமா அலைஞ்சோம். ஊர்ல விலாசம் சரியில்லாத கடுதாசியை எல்லாம் எத்தனை கெட்டிக்காரத்தனமா உரியவங்கிட்ட சேர்த்திருப்பேன்! செக்லேத்துல குழாயில புகை வர்றதை எதெல்காதான் பார்த்தா. கதவைத் திறந்தா, நம்ம மேஜையில நம்ம கிண்ணத்துல நம்ம பீன்ஸ் சூப்பைக் குடிச்சிட்டு ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கு. செக் நாட்டுக்காரங்க பிடிச்ச கஷ்ஷா ஊர்ல மருந்துக்கடை வச்சிருந்தவராம், பேரு ஹூகோ. காலிப் பெட்டின்னு அவங்களுக்கு எழுதிக் கொடுத்துட்டாங்களாம். "உள்ளே வாங்க, குளிர் அடிக்குது. நீங்களும் அகதிங்களா? எந்தப் பக்கம்?"னு எங்களையே வரவேற்கிறார்.

"அது எங்கப்பா கிண்ணம்"னா எதெல்கா. மனுஷன் எழுந்து நின்னு, கரண்டியைத் துடைச்சு அவ கையில கொடுத்து, தன் நாற்காலியில உட்காரவும் வச்சார். அப்பத்தான் அழுதா. இப்போது ஏழு பேராக இருக்கிறோம். ஆள் கூடினால் குளிர் குறைகிறது.

ஆகவே, நீயும் வந்துவிடு. மானம்தான் பெரிது. உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். கர்த்தர் உங்களைக் காத்து, உங்கள் பெட்டியை நின்ற இடத்திலேயே நிற்க வைப்பாராக.

இப்படிக்கு,
அத்தான் பெர்தலான்

பி.கு: எதெல்கா கரி பொறுக்கப் போயிருக்கிறாள், அதனால் இதை அவசரமாக எழுதுகிறேன். மேலே இருக்கும் புத்திமதியெல்லாம் அவள் சொல்லச் சொல்ல எழுதியது. கடைசி நேரத்தில் அப்பா பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். "மாப்பிள்ளை, வில்மோஷ் வீட்டுல அடுப்பு எரியுதா?" என்று கேட்டார். எரியுது மாமா என்றேன். "அப்போ அவனைக் கையெழுத்துப் போடச் சொல்லு. நான்தான் உங்களையெல்லாம் இழுத்துட்டு வந்து கெடுத்தேன். எதெல்காகிட்ட சொல்லிடாதே, அவளுக்கு இந்த வீம்பு ஒண்ணுதான் மிச்சம்" என்றார். அவர் போடாதே என்றதாக அவளிடம் நான்தான் மாற்றிச் சொன்னேன். நீ கையெழுத்துப் போட்டுவிடு. பதிலில் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதே. வரும் கடிதத்தை உன் அக்காள்தான் பிரிப்பாள்.