அணைத்த இஞ்சினில் நூற்றெண்பது

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். நேற்று மாலை நாலரை மணியிலிருந்து உங்கள் காரும் சௌக்கியம். அங்கே நீங்களும் பெண்ணும் அப்படியே இருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் "சரி மாமா, இந்தாங்க, அவகிட்ட குடுக்கறேன்" என்று நழுவிவிடுகிறீர்கள். அதனால்தான் கூரியர்.

காரைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஒரு பல் டாக்டர் வருவார் என்று சொல்லியிருந்தீர்கள். அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கார் உங்களுடையது, எங்களிடம் விட்டுவைத்திருக்கிறீர்கள், விற்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. "அடிக்கடி மக்கர் பண்ற வண்டிய வச்சுக்கிட்டு இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு மாமா அவஸ்தை" என்று நீங்கள் கேட்டதிலும் தப்பில்லை. ஆனால் உங்கள் அத்தைக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து ஆட்டோவில் குனிந்து ஏற முடிவதில்லை, பஸ்ஸின் படி எட்டுவதில்லை. உங்கள் காரின் முன் சீட் மட்டும்தான் அவளுக்குச் சரியான உயரம். உட்கார்ந்து திரும்பினால் போதும். வாரத்தில் இரண்டு நாள், பாலத்துக்கு அந்தப் பக்கம், உடற்பயிற்சி சிகிச்சை. என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வாசலைத் தாண்டுவது அந்த இரண்டு நாள்தான். கார் போனால் அதுவும் நின்றுவிடும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. மாமனார் மாப்பிள்ளையிடம் சொல்லக்கூடிய பேச்சல்ல, சொல்லிவிட்டேன்.

இனி வியாதியின் வரலாறு. ஒரு மாதத்துக்கு முன் பாலத்தின் பாதி ஏற்றத்தில் கார் மூச்சு வாங்கியது, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் மாட்டேன் என்றது, மஞ்சள் விளக்கு எரிந்தது, பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அடுத்த வாரமும் அதே இடத்தில் அதே கதை, அதே பஸ்காரன் என்றுகூட நினைக்கிறேன். உடனே கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத சோபா. அரை மணியில் ஒரு நீளக் காகிதத்தோடு கவுன்ட்டர் பெண் வந்து, "நாலு இன்ஜெக்டரையும் மாத்தணும் சார்" என்றாள். "யாரும்மா சொன்னது?" என்றேன். "கம்ப்யூட்டர் சார்." "கம்ப்யூட்டருக்கு யார் சொன்னது?" "சென்சார் சார்." "சென்சாருக்கு?" அந்தப் பெண் மேனேஜரைக் கூப்பிட்டாள். மேனேஜர் ஒரு காபி கொடுத்து, என் வயதைக் கேட்டுவிட்டு, சாவியைத் திருப்பித் தந்தார்.

பிறகு நம் தெருமுனை மெக்கானிக்கிடம் போனேன். நீளமான ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை இஞ்சினிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்துக் கேட்டே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார் என்பதால் இங்கே அவருக்குக் காது என்றே பெயர். காது கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், "டீசல் ஃபில்டர் அடைச்சிருக்கு சார்" என்றார். மாற்றினோம், பலனில்லை. மறுபடி கேட்டார், "டீசல்லயே கலப்படம்" என்றார். டேங்க்கைக் காலி செய்தோம், கேன் பற்றாமல் குளியலறை வாளியைக் கொண்டுவந்தேன், இனி அந்த வாளி குளிக்க உதவாது, உங்கள் அத்தை இரண்டு நாள் என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை. புது டீசல் ஊற்றியும் பாலம் அதே இடத்தில் எங்களை நிறுத்தியது. மூன்றாவது முறை காது ஸ்க்ரூடிரைவரை எடுத்தபோது, "போதும்பா, இனிமே என் முறைப்படி பாக்கலாம்" என்றேன்.

என் முறை என்ன என்று உங்களுக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவன் நான். "இவ்வளவு தண்ணி நாங்க செலவழிக்கவே இல்ல" என்று சண்டைக்கு வந்த வீடுகளில், முதல் வேலையாக எல்லாக் குழாயையும் மூடச் சொல்லிவிட்டு மீட்டரின் முன் உட்கார்ந்துவிடுவேன். மூடிய வீட்டில் முள் நகர்ந்தால், ஒன்று எங்கோ ஒழுகுகிறது, இல்லை மீட்டரே பொய் சொல்கிறது. ஆகவே காதிடம், இஞ்சினை அணைத்து, ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் சாவியை மட்டும் திருப்பி, காரின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரில் டீசல் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கச் சொன்னேன். "ஓடாத வண்டில என்ன சார் இருக்கும், ஜீரோதான்" என்று சிரித்துக்கொண்டே மாட்டினார். நூற்றெண்பது காட்டியது. காதுக்குச் சிரிப்பு போய்விட்டது. ஓடாத இஞ்சினில் நூற்றெண்பது அழுத்தம் எங்கிருந்து வரும்?

ஆக, இஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்களுக்குப் போகும் டீசலின் அழுத்தத்தை அளக்கிற கட்டைவிரல் பருமன் சென்சார் ஒன்று, இல்லாததை இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பசியோடு சாப்பிடுகிறவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவன் "அவருக்குப் போதும், போதும்" என்று சொன்னால் பரிமாறுகிறவர் என்ன செய்வார்? கம்ப்யூட்டரும் டீசலைக் குறைத்துவிட்டது, ஏற்றத்தில் கார் பட்டினி கிடந்தது. இன்ஜெக்டர்கள் நாலும் நிரபராதிகள். இருந்தாலும் அவசரப்படவில்லை. ஒயரை ஆட்டிப் பார்த்தோம், எண் அசையவில்லை. பிளக்கைச் சுத்தம் செய்து மாட்டினோம், அப்படியே இருந்தது. மல்டிமீட்டரை வைத்தால் வரவேண்டிய ஐந்து வோல்ட் ஒழுங்காக வந்தது. குற்றவாளி சென்சார்தான் என்று முடிவாகி, புதிது வந்துசேர நாலு நாள் காத்திருந்து, நேற்று மாட்டினோம். பூஜ்யம் காட்டியது. ஒரு பூஜ்யத்தைப் பார்த்து நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

உடனே உங்கள் அத்தையை உட்காரவைத்துப் பாலத்துக்குப் போனேன். கார் பேசாமல் ஏறி இறங்கியது. "இன்னொரு தடவ போலாமா?" என்றாள். நாலு தடவை போனோம். ஐந்தாவதுக்குத் திரும்பியபோது டிராஃபிக் போலீஸ்காரர் நிறுத்தி, "எதையாவது தொலைச்சிட்டீங்களா சார்?" என்று கேட்டார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எட்டு மாதம் ஆகிறது. இனி விற்பதற்குக் காரணம் ஒன்றும் இல்லை என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இருவரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ எங்கள் ஆசிகள். பெண்ணைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பல் டாக்டரே வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேறு வேலையாம். தங்கமான மனுஷர், பொறுமையாகக் கேட்டார், அதுதான் வினையாகிவிட்டது. மேலே உங்களுக்கு எழுதியதையெல்லாம் ஒன்றுவிடாமல் அவருக்கும் சொன்னேன், பூஜ்யத்தைக் காட்டினேன், பாலத்தில் ஏற்றிக் காட்டினேன். "ரிப்பேர்னு கேள்விப்பட்டுத்தான் தயங்கினேன் சார். சனிக்கிழம என் மெக்கானிக்கோட வந்து எடுத்துக்கறேன்" என்று கைகொடுத்துவிட்டுப் போனார். ஒரு மாதமாகக் காரை யாரும் வாங்காமல் காப்பாற்றியது அந்தப் பொய் சொன்ன சென்சார்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆகவே மேலே எழுதிய எதையும் எழுதாததாகப் பாவிக்கவும். காதைத் திரும்பக் கூப்பிட்டு, புதியதைக் கழற்றி, பழையதையே மாட்டியாகிவிட்டது. "நல்லதக் கழட்டிட்டுக் கெட்டத மாட்டுறது என் சர்வீஸ்லயே இதுதான் சார் முதல் தடவ" என்றார். இப்போது பழையபடி நூற்றெண்பது. இது என் யோசனை இல்லை. "பாலம் ஏறாட்டி என்ன, சுத்திப் போயிக்கலாம்" என்றாள் உங்கள் அத்தை. பானெட்டுக்குள் பகலிலும் இருட்டு, என் கையிலும் காதின் கையிலும் ஸ்பானர், டார்ச் பிடிக்க ஆளில்லை. வாசலிலிருந்து கார் வரை பதினாலு அடி, யார் கையையும் பிடிக்காமல் அவளே நடந்து வந்து டார்ச்சைப் பிடித்தாள். காரை விற்றே தீருவது என்றால் எனக்கு எழுத வேண்டாம், அவளுக்குப் போன் போட்டு நீங்களே சொல்லுங்கள்.