போகுமிடம் சொல்லிப் போகவும்

"எங்கை போறீர்?"

கேட்டு வாய் மூடவில்லை, குசினிக்குள் அகப்பை விழுந்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எதற்கு என்று அரியநாயகம் மாஸ்ரருக்கு நன்றாகத் தெரியும். படலையைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்திருந்த வெள்ளைக்காரப் பெட்டை பிறிஜெற், மற்றக் காலை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

"ஐயோ, வெளிக்கிட்ட பிள்ளையைப் பார்த்து எங்கையெண்டு கேட்டுப்போட்டியளே! நீங்களும் ஒரு படிச்ச மனிசனோ?" மாஸ்ரரின் மனைவி அன்னபூரணம் முற்றத்துக்கு ஓடிவந்தாள். "பிள்ளை, உள்ளுக்கு வாரும். இந்தக் கதிரையிலை இரும். தண்ணி குடியும். இண்டைக்குப் பயணம் வேண்டாம்."

பிறிஜெற் வந்தாள், இருந்தாள், குடித்தாள். நெடுந்தீவில் அவளுடைய முதல் நாள் வேலை அதோடு முடிந்தது.

வெளியே புறப்பட்டவரை எங்கே என்று கேட்பது தீவில் யாருக்கும் பிடிக்காது. "தூரமோ?" என்று கேட்கலாம். "உங்கைதான்" என்று பதில் வரும். கேட்டவருக்கும் ஒன்றும் விளங்காது, போகிறவருக்கும் ஒரு குறையும் வராது. அன்னபூரணம் அதற்கும் மேலே போனவள். படியிறங்கும் மட்டும் வீட்டுக்குள் பயணக் கதையே எடுக்கக்கூடாது என்பது அவள் சட்டம். காரணம் இருந்தது. போன வருஷம் அவளுடைய தமையன் கொழும்புக்கு வெளிக்கிட்ட நேரம் மாஸ்ரர் வழக்கம்போல "எங்கை?" என்று கேட்டுவிட்டார். அங்கே தமிழரை அடித்துத் துரத்திய ஆடிக் கலவரத்தில் எல்லாம் இழந்து அந்த மனிதர் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியபோது உடம்பில் ஒரு சாரம் மட்டுமே இருந்தது. நாடு முழுவதும் நடந்ததற்கு ஆயிரம் காரணம் சொன்னார்கள். அன்னபூரணத்திடம் ஒரே காரணம்தான் இருந்தது.

மாஸ்ரரின் தலைவலி வேறு. பிறிஜெற்றின் இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் இலங்கையை ஆபத்தான நாடுகளில் சேர்த்துவிட்டது. அங்கே போகும் மாணவருக்கென்று விதிகள் வைத்திருந்தது. சிறிய வள்ளத்தில் ஏறக்கூடாது. கொதிக்காத தண்ணீர் குடிக்கக்கூடாது. எங்கே போவதானாலும் பொறுப்பாளரிடம் இடத்தைச் சொல்லிவிட்டே போகவேண்டும். பொழுதுபடும்போது பிள்ளை எங்கே என்று தெரியாவிட்டால் பொறுப்பாளர் உடனே தந்தியடிக்கவேண்டும். ஒரு விதி தவறினாலும் மாணவரைத் திருப்பி அழைத்துவிடுவார்கள். பொறுப்பாளர் நம்முடைய மாஸ்ரர்தான். தன்னுடைய ஆங்கிலக் கையெழுத்து கடல் கடந்து போகப்போகிறதே என்ற சந்தோஷப் புளுகத்தில், வாசித்து முடிக்குமுன்னரே ஒப்பமிட்டுவிட்டார்.

வந்த அன்று பிறிஜெற் அவர் முன்னால் இருந்து அழுதிருந்தாள். தீவின் கல்வேலிகளை அளந்து ஆராய்ச்சி எழுத வந்தவள் அவள். சாந்து இல்லாமல் கடற்கல்லை அடுக்கிக் கட்டிய அந்த வேலிகளைப் பார்க்க அனுமதி கேட்டு இரண்டு வருஷம் பேராசிரியர்களின் காலைப் பிடித்தவள்.

"திருப்பி அழைத்தால் என் பட்டம் போய்விடும். என் படிப்பு உங்கள் கையில் இருக்கிறது, ஐயா," என்றாள், லண்டனில் புத்தகத்தில் படித்த தமிழில். பிள்ளை பெறாத மாஸ்ரருக்கு நெஞ்சு இளகிப்போனது. இந்தப் பிள்ளையைப் பட்டதாரியாக்காமல் விடுவதில்லை என்று மனதுக்குள் முடிவெடுத்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலை அவள் பையோடு வந்தபோது மாஸ்ரர் நாக்கை அடக்கிக்கொண்டு, "தூரமோ?" என்றார்.

"இல்லை ஐயா, உங்கைதான். சென்று வருகிறேன்."

அன்னபூரணம் பூரித்துப்போனாள். "பாருங்கோ, எங்கடை பிள்ளையள் தோத்துப்போகும்!"

பொழுதுபடுகிற நேரம் அவள் தக்காளிப்பழம் மாதிரிச் சிவந்து வந்துசேர்ந்தாள். அன்னபூரணம் கிணற்றடிக்குப் போன தருணம் பார்த்து மாஸ்ரர் குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, எனக்குச் சொல்லாமல் ஒரு இடமும் போகப்படாது. போனீரெண்டால் நான் தந்தி அடிக்கத்தான் வேணும். வேறை வழியில்லை."

அவள் முகம் வெளிறியது. "சொல்லாமல் எங்கும் போகமாட்டேன், ஐயா. சத்தியம்."

சத்தியம் செய்த பிள்ளை மறுநாள் காலை ஒரு சொல்லும் சொல்லாமல் படலையைத் திறந்துகொண்டு போய்விட்டது! கேட்க வாய் எடுத்த மாஸ்ரரைக் குசினி யன்னலால் இரண்டு கண்கள் முறைத்துக்கொண்டிருந்தன.

சரி, கேட்கத்தானே ஏலாது, பார்க்கலாமே என்று நினைத்தார் மாஸ்ரர். சித்திரை விடுமுறை, பள்ளிக்கூடமும் இல்லை. அடுத்த நாள் அவள் எழும்புவதற்கு முன்பே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போய், ஒழுங்கை முடக்கில் ஒரு கல்வேலிக்குப் பின்னால் குந்திக்கொண்டார். கல்யாணம் கட்டிய ஒரு வாத்தியார் தனியாகப் போகும் ஒரு குமர்ப்பிள்ளைக்குப் பின்னால் போகிறார் என்று ஊர் கண்டால் மானம் போகும். அதனால் வேலிக்கு வேலி பதுங்கிப் பதுங்கியே பின்தொடர்ந்தார்.

அவள் போன இடங்களோ தலையும் வாலும் இல்லாதவை. பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். கோயிலடிக்குப் போனாள். சின்னாச்சியின் கடையில் ஏதோ கேட்டாள். சின்னாச்சி கையை நீட்டி எங்கோ காட்டினாள். அவள் அந்தப் பக்கம் போனாள். துறையடியில் வலை பொத்திக்கொண்டிருந்த யாகப்புவிடம் போய்ப் பேசினாள். யாகப்பும் கையை நீட்டினான். பிறிஜெற்றின் கையில் அளவுநாடா இருந்தது. ஒரு வேலியையும் அவள் அளக்கவில்லை.

பொழுதுபட மாஸ்ரர் மெல்லக் கேட்டார். "இண்டைக்கு எங்கையெல்லாம் போனீர்?"

"நான் எங்கும் போகவில்லை, ஐயா," என்றாள் பிறிஜெற், நிலத்தைப் பார்த்தபடி.

மாஸ்ரருக்கு இடியப்பம் தொண்டையில் நின்றது. தன் இரண்டு கண்ணாலும் கண்டிருக்கிறார், முகத்துக்கு நேரே பொய்! இந்தப் பிள்ளை என்ன வலையில் போய் விழுந்திருக்கிறதோ என்று அவருக்குப் பயம் பிடித்துவிட்டது. காலம் கெட்ட காலம். கரைக்கு அப்பால் நேவிக்காரன் ஓடித் திரிகிறான்.

மறுநாளும் வேலிக்குப் பின்னால் இருந்தவரின் தலைக்கு மேல் யாகப்புவின் முகம் தோன்றியது.

"மாஸ்ரர்! இதுக்குள்ளை என்ன செய்யிறியள்? உங்களை, அந்தப் பிள்ளை..."

"எந்தப் பிள்ளை? நான் ஒரு பிள்ளையையும் காணேல்லை!" மாஸ்ரருக்கு வியர்த்தது. "என்ரை ஆடு ஒண்டைக் காணேல்லை யாகப்பு. அதைத்தான் தேடுறன்."

"ஆடோ? நீங்கள் எப்ப ஆடு..."

அவன் முடிப்பதற்குள் மாஸ்ரர் அடுத்த வேலிக்குப் போய்விட்டார். கோயிலடியில் சின்னாச்சியும் "மாஸ்ரர், அந்த வெள்ளைக்காரப் பிள்ளை..." என்று தொடங்கினாள். அவளுக்கும் ஆட்டுக் கதையைச் சொல்லிவிட்டு ஓட்டமெடுத்தார்.

நெடுந்தீவுச் சனம் நல்ல சனம். வாத்தியாரின் ஆடு காணாமற்போனால் பார்த்துக்கொண்டிருக்குமா? மறுநாள் விடிய முற்றம் நிறைய ஆடுகள் நின்றன. கறுப்பு, வெள்ளை, கொம்பு முறிந்தது, சினையானது எல்லாம் நின்றன. அன்னபூரணத்தின் செவ்வந்திச் செடிகளில் காம்பு மட்டுமே மிச்சம்.

"இஞ்சேருங்கோ, எங்களுக்கு எப்ப ஆடு இருந்தது?" அன்னபூரணத்தின் குரல் மிகவும் மெதுவாக வந்தது. அது நல்லதற்கல்ல. "சின்னாச்சி வந்து சொல்லிப்போட்டுப் போறாள், நீங்கள் அந்தப் பிள்ளைக்குப் பின்னாலை வேலி வேலியாய்த் தாவுறியளாம்."

"கம்பஸ் சட்டம் அன்னபூரணம்! அந்தப் பிள்ளை எங்கை போகுதெண்டு எனக்குத் தெரியவேணும்."

"குந்தியிருந்து எட்டிப் பாக்கவும் சட்டத்திலை கிடக்கோ?"

அன்றைக்கு மாஸ்ரருக்குத் தேத்தண்ணியில் சீனி விழவில்லை. ஆடுகளைச் சொந்தக்காரரிடம் கொண்டுபோய் விட்டுவிட்டு வரும்போது, வெள்ளை ஆடொன்று மட்டும் அவரை விட்டுப் போக மறுத்துப் பின்னால் வந்தது. வழியில் பிறிஜெற்றைக் கண்டு வேலிக்குப் பின்னால் அவர் பதுங்கினால் அது மேலே ஏறி நின்று கத்தியது. அதைத் துரத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பிறிஜெற்றைக் காணவில்லை. பள்ளிக்கூடம், கோயில், கடை, எங்கும் இல்லை. கடல் ஓரமாய்த் தீவின் காட்டுக் குதிரைகள் நின்ற வெளி முழுவதும் தேடினார். கால் செருப்பும் அறுந்துபோனது. பொழுது சரிந்துகொண்டிருந்தது.

வெறுங்காலோடு தபால் கந்தோருக்குள் வந்து விழுந்தார். தபாலதிபர் சில்வெஸ்ரர் கதவைப் பூட்டுவதற்காகத் திறப்பை எடுத்துவிட்டார்.

"தந்தி, சில்வெஸ்ரர். லண்டனுக்கு."

"சொல்லுங்கோ மாஸ்ரர், என்ன எழுத?"

மாஸ்ரர் மேசையில் சாய்ந்து யோசித்தார். காணவில்லை என்று ஒரு சொல் போதும். அந்தச் சொல்லோடு பிள்ளையின் பட்டம் முடிந்தது, இரண்டு வருஷத்துக் கெஞ்சலும் முடிந்தது. அடிக்காமல் விட்டு, பிள்ளைக்கு ஏதும் நடந்துவிட்டால் அவர் எந்த முகத்தோடு உயிரோடிருப்பார்? அவருக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதார்.

"என்ரை பிள்ளை மாதிரி நினைச்சனான் சில்வெஸ்ரர். என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். காணேல்லை எண்டு எழுதும்..."

சில்வெஸ்ரர் பேனையை மையில் தோய்த்தார். வெளியே சைக்கிள் ஒன்று சரிந்து விழுந்தது. யாகப்பு மூச்சு வாங்க உள்ளே வந்தான்.

"மாஸ்ரர், அந்தப் பிள்ளை துறையடியிலை இருக்கு. தேம்பித் தேம்பி அழுகுது."

"உயிரோடையோ? வள்ளத்திலை ஏறினவவோ?" மாஸ்ரர் அவனுடைய இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். "சொல்லும் யாகப்பு! இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாமல் அந்தப் பிள்ளை எங்கை போய்வாறது?"

"அது எங்கை போறது மாஸ்ரர்? வீட்டுக்குள்ளை பயணம் சொல்லப்படாதெண்டு அன்னபூரணம் அக்கா சொன்னவவாம், சொல்லாமல் போகப்படாதெண்டு நீங்கள் சொன்னியளாம். வெளியிலை கண்டு சொல்லிப்போட்டு வேலி அளக்கப் போவமெண்டு, அண்டையிலிருந்து அது உங்களைத்தான் தேடித் திரியுது!"